துவக்கு யார் கையில்?

ஈழத்தில் துவக்கு என்றும் தமிழகத்தில் துப்பாக்கி என்றும் வழங்கும் இரு சொற்களும் துருக்கி மொழி வழியாக நம்மை வந்தடைந்தவை என்பர் மொழியறிஞர். பொருள் நடந்து வந்த பாதையிலேயே சொல்லும் நடந்து வந்திருக்கிறது. ஆனால், ஒரு கருவி எந்த நாட்டிற் பிறந்தது, அதை எண்ணிய மூளை யாருடையது என்று கேட்பதோடு நமது சரித்திர நூல்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதை அடித்து உருவாக்கிய கை யாருடையது, அதை ஏந்தும் உரிமை யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது, அதன் வாய்க்கு முன்னே நிறுத்தப்பட்டவர் யார் என்னும் கேள்விகளை அவை எழுப்புவதில்லை.

புதுப்பொருள் கண்டோரின் வாழ்க்கையைக் கூறும் நூல் எதனைப் புரட்டினும் கோல்ட், வின்செஸ்டர், கற்லிங், மக்சிம், பிரௌணிங் முதலிய அமெரிக்கப் பெயர்களை நாம் காணலாம். எளிய குடும்பத்துச் சிறுவன் ஒருவன், அவனுக்குத் தோன்றிய அற்புதமான எண்ணம், இடையறாத முயற்சி, ஈற்றிலே பெருஞ்செல்வம் என்ற ஒரே கதை பல பெயர்களில் சொல்லப்படுகிறது. அக்கதையை ஊவா மலைகளில் நின்று, பதுளையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் கண்முன் வைத்து வாசிக்க முயல்வதே இங்கு நமது நோக்கம். ஊவாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. திரியினால் மூட்டும் துவக்கு, சக்கிமுக்கித் துவக்கு, யானை வேட்டைத் துவக்கு, றைபிள் என வெடிகருவியின் ஒவ்வொரு தலைமுறையும் இந்த மண்ணில் மனிதரைச் சந்தித்திருக்கிறது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். துவக்கு மேல்நாட்டாரின் கைவண்ணம், நாம் அதற்கு இலக்கானவர் மாத்திரமே என்பது அவ்வெண்ணம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கீழைநாடுகளைப் பற்றி எழுதிய ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், சிங்களக் கைவினைஞர் செய்த துவக்குக் குழாய்களை வேறெங்கும் காண்டற்கரிய நேர்த்தி உடையனவாகப் புகழ்ந்திருக்கிறார். கண்டி இராச்சியத்துக் கொல்லர் செய்த துவக்குகளில் விசைப்பொறி இடப்பக்கம் அமைந்திருக்கும். பிடிப்பாகம் இரண்டாகப் பிளந்து சுருண்டு, தந்தத்தாலும் வெள்ளியாலும் அணிசெய்யப்பட்டிருக்கும். 1765-இல் ஒல்லாந்தப் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது கவர்ந்து சென்ற பொருள்களுள் லெவ்கே திசாவையின் பீரங்கி ஒன்று. ஆம்ஸ்ற்றர்டாம் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்த அப்பீரங்கியும் அதனோடு இரு பெருந்துவக்குகளும் வேறு சில ஆயுதங்களும் 2023 டிசம்பரிலேதான் கொழும்புக்கு மீண்டன. பறிக்கப்பட்ட பொருள் திரும்பிற்று. அதைச் செய்த கைத்தொழில் மரபு திரும்பவில்லை.

ஊவாவில் அக்கருவிகளின் பெயர் 1630-இல் எழுதப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினோ த சா பதுளையைத் தீக்கிரையாக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயைக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவில் கண்டிப் படையினால் சூழப்பட்டு மாண்டான். அவனுடன் வந்த லஸ்கரின் படையினர் அவனைக் கைவிட்டு எதிரணியிற் சேர்ந்திருந்தனர். பெய்த மழையில் போர்த்துக்கேயரின் திரிகளும் மருந்தும் நனைந்து பயனற்றுப் போயின என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். ஐரோப்பியத் துவக்கு அன்று மழைக்கும் மனிதரின் மனமாற்றத்திற்கும் தோற்றது. இவ்விரண்டில் இரண்டாவதையே நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

அடுத்த சந்திப்பு 1817-இல் நிகழ்ந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயருக்கு எதிராக ஊவாவும் வெல்லசவும் எழுந்தன. பதுளையிலிருந்து கலகத்தை அடக்கச் சென்ற உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சன், அவ்வாண்டு செப்டெம்பரில் கொல்லப்பட்டார். அவர் உயிரைப் போக்கியது அம்பு. கிளர்ச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை, அரசு தந்த ஆயுதங்களைத் திருப்பியனுப்பிவிட்டு மக்கள் பக்கம் சேர்ந்தார் என்பது நாட்டில் வழங்கும் வரலாறு. 1818 நவம்பர் 26-இல் கண்டி போகம்பறையில் அவர் தலை வெட்டப்பட்டது. தேசாதிபதி பிரௌன்றிக்கின் படைகள் பயிரை எரித்தும் கால்நடையை அழித்தும் ஊர்களைத் தரைமட்டமாக்கியும் வென்றன. அக்காலத்தில் இங்கிருந்த ஆங்கில மருத்துவர் ஜோன் டேவி, கண்டியர் தரப்பில் மாண்டோர் பதினாயிரத்துக்குக் குறையார் எனக் கணித்தார். அதன்பின் ஊவாவின் கிராமங்களில் துவக்கு வைத்திருப்பது ஆள்வோரின் ஐயத்திற்குரிய செயலாயிற்று. அரசனுக்குத் துவக்கு அடித்த கொல்லனின் பேரன் மண்வெட்டி அடிப்பவனானான்.

மக்கள் கையிலிருந்து துவக்கு நீங்கிய நிலத்திலே, ஆள்வோர் கையில் அது விளையாட்டுப் பொருளாகத் திரும்பி வந்தது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் படைத்தலைவராகவும் இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாக எமெர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். 1845 ஜூனில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது. இது தனியொருவரின் வேட்கை எனக் கருதிவிடலாகாது. யானைத் தலைக்கு அரசே வெகுமதி வழங்கிய காலம் அது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848-க்கு முந்திய மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 3,500 யானைகள் அழிக்கப்பட்டதாக அதே டெனன்ட் குறிப்பிடுகிறார். 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று அறிவித்தது. சட்டம் காட்டைக் குடியானவனிடமிருந்து பறித்தது. துவக்கு அதை விலங்கிடமிருந்து பறித்தது. அதன்பின்பு கோப்பி வந்தது. கோப்பியை நட தமிழகத்திலிருந்து நம் முன்னோர் மன்னாரில் இறங்கி, வன்னிக் காடுகளைக் கடந்து, நோயிலும் பசியிலும் பலரை வழியில் விட்டு நடந்து வந்தனர். மடுல்சீமையில் 1869-இல் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. செடி மாறிற்று, உடைமை மாறவில்லை.

ஊவாவின் காடுகள் கோப்பித் தோட்டங்களாகிய அதே ஆண்டுகளில், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் துவக்கு வேறொரு பிறவி எடுத்துக்கொண்டிருந்தது. அதனையும் இனி நோக்குவோம். அங்கிருந்து புறப்பட்ட பொருள் பின்னர் நம் மலைகளுக்கே வந்து சேருவதைக் காண்போம்.

அமெரிக்கத் துவக்குத் தொழிலின் மூலவராகப் பாடநூல்கள் கூறுவது ஈலை விட்னியை. 1798-இல் பதினாயிரம் துவக்குகளை இரண்டாண்டில் செய்து தருவதாக அவர் அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்து முன்பணமும் பெற்றார். அவற்றை ஒப்படைத்து முடித்தது 1809-இல். ஒரு துவக்கின் உறுப்பை இன்னொன்றிற் பொருத்தலாம் என்ற எண்ணமும் அவருடையதன்று. பிரான்சில் ஒனோரே பிளாங் அதைச் செய்து காட்டியதை ஜெபர்சன் 1785-இலேயே கண்டார். விட்னியின் உறுப்புகள் உண்மையில் ஒன்றுக்கொன்று பொருந்துவனவல்ல என்பதைப் பிற்கால ஆய்வாளர் நிறுவியுள்ளனர். அவ்வெண்ணம் மெய்யாகவே கைகூடியது, 1820-களில், வேர்ஜினியாவில் ஹார்ப்பேர்ஸ் பெரி என்னும் ஊரிலிருந்த அரசாங்க ஆயுதசாலையில், ஜோன் ஹோல் என்பவரின் மேற்பார்வையில். துவக்கின் மரப்பிடியைத் தானே கடையும் பொறியைத் தோமஸ் பிளான்சார்ட் 1819-இல் அமைத்ததும் மாசசூசெற்சிலுள்ள ஸ்பிரிங்பீல்ட் அரசாங்க ஆயுதசாலையின் தேவைக்காகவே. தனிமனித மேதையின் வெற்றியெனப் போற்றப்படுவது, பெரும்பாலும் பொதுப்பணத்தாலும் பல நூறு தொழிலாளரின் கைத்திறனாலும் விளைந்தது என்பதே உண்மை.

அதே விட்னிதான் 1793-இல் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் பொறியையும் அமைத்தவர். அப்பொறியால் பருத்தி பெருகிற்று. பருத்தியோடு அடிமை முறையும் பெருகிற்று. 1790-இல் ஏறத்தாழ 7 இலட்சமாயிருந்த அமெரிக்க அடிமைகளின் தொகை 1860-இல் 40 இலட்சத்தை எட்டியது. ஒருவர் செய்த இரு கருவிகள்: ஒன்று தோட்டத்தை வளர்த்தது, மற்றொன்று அத்தோட்டத்தைக் காத்தது. தோட்டமும் துவக்கும் பிரிக்கவொண்ணாத இரட்டைப் பிறவிகள் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஹார்ப்பேர்ஸ் பெரியின் தொழிலாளர் கதையைப் புதுப்பொருள் கண்டோர் வரிசை சொல்வதில்லை. அங்கு துவக்குச் செய்தோர் முதலில் சுதந்திரமான கைவினைஞர். தம் நேரத்தில் வந்து தம் நேரத்தில் செல்வோர். பொறிகள் வந்தன, வேலை துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டது. 1841-இல் ஆயுதசாலை இராணுவ அதிகாரியின் ஆட்சிக்கு உட்பட்டது. மணிக்கூடும் வரவுக்கட்டுப்பாடும் புகுந்தன. அடுத்த ஆண்டு தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, படகமர்த்தி வாஷிங்டன் சென்று, தாம் பொறிகளாக்கப்படுவதாக ஜனாதிபதி டைலரிடமே முறையிட்டனர். இனிய மொழிகளைக் கேட்டனர். ஊர் திரும்பி வேலையைத் தொடருமாறு பணிக்கப்பட்டனர். உலகின் மிக நவீன ஆயுதத்தைத் தம் கையாற் செய்தவர்க்கு, ஒரு மணிக்கூட்டை எதிர்த்து வெல்லும் வலிமை இருக்கவில்லை.

பதினேழு ஆண்டுகளின்பின் அதே ஆயுதசாலையில் இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. 1859 அக்டோபர் 16-ஆம் திகதி இரவு, ஜோன் பிரௌண் என்னும் வெள்ளையரும் கறுப்பரும் வெள்ளையருமான அவர் தோழர் சிலரும் அதைக் கைப்பற்றினர். அங்கிருந்த துவக்குகளை அடிமைகளின் கையில் சேர்த்து விடுதலைப்போர் தொடங்குவது அவர் திட்டம். இரு நாள்களில் அம்முயற்சி முறியடிக்கப்பட்டது. டிசம்பர் 2-ஆம் திகதி பிரௌண் தூக்கிலிடப்பட்டார். துவக்கைச் செய்யலாம், விற்கலாம், விற்றுச் செல்வராகலாம். ஆனால் உழைக்கும் அடிமையின் கைக்கு அதை மாற்ற நினைப்பது மரணதண்டனைக்குரிய குற்றம். துவக்கின் சரித்திரத்தில் கோல்ட்டின் சுழல்துவக்கை விட இந்நிகழ்ச்சியே நமக்கு அதிகம் போதிக்கிறது.

சாமுவெல் கோல்ட் 1836-இல் தமது சுழல்துவக்குக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவருடைய முதற் தொழிற்சாலை 1842-இல் வீழ்ந்தது. அதன்பின் அவரைத் தூக்கி நிறுத்தியது, மெக்சிக்கோவின் நிலத்தைப் பறித்த போரின்போது அரசு தந்த ஆயிரம் சுழல்துவக்குகளுக்கான கட்டளை. சொந்தத் தொழிற்சாலை இல்லாத அவர், அவற்றை விட்னியின் மகனுடைய தொழிற்சாலையிலேயே செய்வித்தார். ஒலிவர் வின்செஸ்டரோ முதலிற் சட்டை தைத்து விற்ற முதலாளி. துவக்கு வாணிபம் அதிக இலாபம் தருமெனக் கண்டு அதிற் புகுந்தவர். றெமிங்டன் நிறுவனம் துவக்கோடு தையற்பொறியும் செய்தது. 1873 முதல் தட்டச்சுப்பொறியும் செய்தது. முதலுக்குச் சட்டையும் சாவும் ஒன்றே. சந்தை எங்கே உள்ளதோ அங்கே அது பாய்கிறது. மருத்துவம் பயின்ற றிச்சர்ட் கற்லிங் 1862-இல் பல குழாய்களைக் கொண்ட சுழல் இயந்திரத் துவக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் நூறுபேரின் வேலையைச் செய்தால் பெரும் படைகள் வேண்டியதில்லை, நோயால் மடியும் வீரர் தொகையும் குறையும் என்று தாம் எண்ணியதாக அவர் பின்னர் எழுதினார். அவர் நேர்மையாகவே எண்ணியிருக்கலாம். ஆனால் ஒரு கருவியின் பயனை அதைச் செய்தவரின் நெஞ்சம் தீர்மானிப்பதில்லை. அதை விலைகொடுத்து வாங்குவோரின் நலனே தீர்மானிக்கிறது.

இனி, அமெரிக்கப் பட்டறையிலிருந்து இப்பொருள் பிரித்தானியர் கைக்கு வந்தவாற்றைக் காண்போம். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில், வெர்மொன்ட் மாநிலத்து ரொபின்ஸ், லோறன்ஸ் என்போரின் நிறுவனம் உறுப்பு மாற்றக்கூடிய றைபிள்களைக் காட்சிக்கு வைத்தது. வியந்த பிரித்தானிய அரசு, குழுவொன்றை அமெரிக்காவுக்கு அனுப்பி, அந்நிறுவனத்தின் பொறிகளையே வாங்கி, ஹார்ப்பேர்ஸ் பெரியில் பணியாற்றிய ஜேம்ஸ் பேட்டனையும் அழைத்து வந்து, என்பீல்ட் ஆயுதசாலையைப் புதுக்கியது. 1857-இல் கொழுப்புத் தடவிய தோட்டாவினால் இந்தியச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்த றைபிளும் என்பீல்ட் என்ற பெயரையே தாங்கியிருந்தது. 1866-இல் அதைப் பின்புறத்தால் மருந்து நிரப்பும் கருவியாக மாற்றிய முறை, பிலடெல்பியா நகரத்து ஜேக்கப் ஸ்னைடருடையது. பேரரசின் படை முழுவதும் அவர் பெயரால் ஆயுதம் ஏந்திய அவ்வாண்டிலேயே அவர் கடனாளியாக மாண்டார். 1871-இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றி றைபிளின் பொறியமைப்பு, பொஸ்ரன் நகரத்து ஹென்றி பீபொடியின் கண்டுபிடிப்பைச் சுவிஸ் நாட்டவரான மார்ட்டினி திருத்தியமைத்தது. 1888-இல் வந்த லீ-மெற்பேட்டும் 1895-இல் வந்த லீ-என்பீல்டும், ஸ்கொத்லாந்திற் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தம் கருவியை ஆக்கிய ஜேம்ஸ் பாரிஸ் லீயின் பெயர் பூண்டவை. மேய்ன் மாநிலத்தவரான ஹைறம் மக்சிம் 1884-இல் லண்டனில் செய்த தானியங்கித் துவக்கு, 1893-இல் மத்தாபேலே மக்களையும் 1898-இல் சூடானியரையும் ஆயிரக்கணக்கில் அறுத்து வீழ்த்தியது. 1901-இல் அவருக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது. பிரித்தானியப் பேரரசின் வாள் பிரித்தானியருடையதெனினும், அதன் கூரைத் தீட்டிய சாணைக்கல் அமெரிக்காவிலிருந்தே வந்தது.

அக்கருவி ஊவாவின் தோட்டங்களுக்கு எவ்வாறு வந்தது? 1900-ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியத் துரைமாரே அதன் உறுப்பினர். கொழுந்து நிறுவையை மேற்பார்க்கும் துரையே தொண்டர்படை வீரனுமானான். அதே ஆண்டில் ஊவாவின் தியத்தலாவையில் தகரக் கொட்டில்கள் எழுந்தன. தென்னாபிரிக்காவிற் பிடிபட்ட போயர் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேர் அங்கு அடைக்கப்பட்டனர். தம் நாட்டுக் கறுப்பரை அடக்கி ஆண்ட போயர், தம்மிலும் பெரிய பேரரசின் கைதிகளாக ஊவாவின் குளிரில் நடுங்கினர். துவக்கின் முன் மனிதர் எவ்வளவு விரைவாக இடம் மாறுகின்றனர் என்பதற்கு அம்முகாம் சான்று. தியத்தலாவை இன்றும் இராணுவ நகரமாகவே இருக்கிறது.

1915-இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தை அடக்க இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பஞ்சாபியப் படையினரோடு துரைமார் படையும் களத்தில் இறக்கப்பட்டது. விசாரணையின்றி மனிதர் சுடப்பட்டனர். பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் எழுந்து இக்கொடுமைகளைச் சாடினார். மறுஆண்டு லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். அரசோ அதே 1916-இல் 33-ஆம் இலக்கத் துவக்குகள் கட்டளைச் சட்டத்தை இயற்றி, அனுமதிப்பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. ஆயுதத்திற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சுட்டவரின் துவக்கு அவர் தோளிலேயே இருக்க, சுடப்பட்டவரின் சமூகத்திற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு நீதியாகுமா?

தோட்டத் தொழிலாளருக்கு அச்சட்டத்தால் இழக்க எதுவும் இருக்கவில்லை. அவர் வாழ்வே ஓர் இராணுவ முகாமாக அமைந்திருந்தது. விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்க வேண்டும். படைவீரரின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நம் மக்கள் நாவில் பிரட்டு ஆயிற்று. 1865-ஆம் ஆண்டின் சட்டப்படி, அறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்வது சிறைக்குரிய குற்றம். துண்டு இன்றி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது. அம்முறை 1921-இல்தான் ஒழிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்தில், எழுத்தும் இலக்கமும் பொறித்த தகர வில்லை தொங்கவிடப்பட்டது; அவ்விலக்கத்தைக் கண்டு அவரை உரிய தோட்டத்திற்கு ஏற்றியனுப்புவர். ஆயுதசாலையில் திருகாணிக்கு இலக்கம். தோட்டத்தில் மனிதனுக்கு இலக்கம். ஒரு திருகாணி தேய்ந்தால் மற்றொன்று. ஒரு கூலி மாண்டால் மற்றொருவன்.

ஆனால் திருகாணி பேசாது, மனிதன் பேசுவான். 1939-இன் பிற்பகுதி முதல் மலைநாட்டில் வேலைநிறுத்த அலை எழுந்தது. 1940 ஜனவரி 10-ஆம் திகதி ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். அரசு விசாரணைக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் சார்பில் அக்குழுமுன் தோன்றினார். ஒரு கூலியின் மரணத்துக்கு நாடே விடை கூற நேர்ந்தது அதுவே முதன்முறை எனலாம்.

அலை ஊவாவுக்கு வந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் தலைமையில் இயங்கிய அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பதுளைப் பகுதியில் வேரூன்றியிருந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை உடன்பட வேண்டியதாயிற்று. சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்ட ஆயுதம் தாங்கிய பொலிஸ் அணியொன்று அங்கு சென்றது. தொழிலாளர் அவ்வணியின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டனர். இதனை அக்கட்சியின் வரலாற்றை எழுதிய லெஸ்லி குணவர்தன பதிவு செய்துள்ளார்.

இவ்வொரு வாக்கியத்தின் கனத்தை நாம் உணர்தல் வேண்டும். விட்னியின் ஒப்பந்தமும் ஹோலின் பொறியும் என்பீல்டின் உலைகளும், நூற்றைம்பது ஆண்டுகளாக இரு கண்டங்களில் திரண்ட அறிவும் முதலும், ஒரு மலைச்சரிவில், கொழுந்துக்கூடை தூக்கிய கைகளின் முன் பயனற்று நின்றன. தொழிலாளர் அத்துவக்குகளைக் கொண்டு போர் தொடுத்ததாக எவரும் கூறவில்லை. அவர் வலிமை துவக்கில் இருக்கவில்லை. தேர்ந்தெடுத்த சபையில் இருந்தது. ரந்தெனிவெலவில் லஸ்கரின் படை பக்கம் மாறியபோது கண்ட உண்மையும் இதுவே. எண்ணிறந்தோர் அஞ்சுவதை நிறுத்திவிட்டால், துவக்கு வெறும் இரும்பும் மரமுமாகி விடுகிறது.

வெற்றி நிலைக்கவில்லை என்பதையும் மறைக்காது சொல்ல வேண்டும். பெரும் பொலிஸ் படை ஊவாவிற் குவிக்கப்பட்டது. வெள்ளப்பெருக்கினால் ஊவா ஒரு வாரத்துக்கு மேல் நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. வெளியுலகின் கண்ணுக்கு எட்டாத அந்நாள்கள் அடக்குமுறைக்கு வாய்ப்பாயின. போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஜூனில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன முதலிய தலைவர்கள் சிறையிடப்பட்டனர். 1630-இல் ஊவாவின் மக்களுக்குத் துணைநின்ற மழை, 1940-இல் ஆள்வோருக்குத் துணைநின்றது. இயற்கை எவர் பக்கமும் நிலையாக நிற்பதில்லை. தனித்து விடப்பட்ட போராட்டம் வெல்வது அரிது என்பதே இதன் பாடம்.

ஆள்வோரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டனர். துவக்கைவிட ஓசையற்ற கருவி ஒன்று உண்டு, அது சட்டம். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள், ஊவா உள்ளிட்ட மலைநாட்டுத் தொகுதிகளிலிருந்து அவர்தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பின. மறுஆண்டே 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. ஒரு ரவையும் செலவாகவில்லை, இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். துரைமாரின் றைபிள் படை அதே 1949-இல் கலைக்கப்பட்டது. அதன் வேலை முடிந்துவிட்டது போலும்!

ஆயினும் துவக்கு முற்றாக ஓய்ந்துவிடவில்லை. 1970-இல் பதுளை கீனாகலைத் தோட்டத்துத் தொழிலாளர் மீது பொலிசார் சுட்டனர். 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த ஊர்வலத்தில், தலவாக்கலை டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்றும் மொனராகலைக் காடுகளில் பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கில் சிக்குவோர் ஏழைக் குடியானவரும் விறகுக்குச் சென்றோருமே. கண்டி மன்னருக்குத் தந்தமிழைத்த துவக்குச் செய்த மரபின் எஞ்சிய துளி, இன்று கல்கட்டாஸ் என்னும் களவுத் துவக்காக, பொலிசாருக்கு அஞ்சி ஒளிகிறது. சிங்களக் கிராமத்தவனும் தமிழ்த் தோட்டத்தவனும் ஒரே கருவியின் முன் வெவ்வேறு காலங்களில் நிறுத்தப்பட்டவர் என்பதை இரு சாராரும் அறிவாரானால், அவர்களை ஒருவருக்கெதிராக மற்றவரை ஏவுவது எளிதாயிராது.

ஸ்பிரிங்பீல்ட் ஆயுதசாலை 1968-இல் மூடப்பட்டு இன்று நூதனசாலையாக விளங்குகிறது. அங்கு துவக்குகள் வரிசை வரிசையாகக் கண்ணாடிக்குள் நிற்கின்றன. வெவெஸ்ஸவுக்கு நூதனசாலை இல்லை. கோல்ட்டின் பிறந்த ஆண்டை ஒப்புவிக்கும் நம் மாணவருக்கு, தம் பாடசாலைக்கு அருகேயுள்ள தோட்டத்திற் பிறந்த தொழிலாளர் சபையின் ஆண்டு தெரியாது. அக்குறை மாணவருடையதன்று. வெவெஸ்ஸத் தொழிலாளரை நேரிற் கண்டோர் ஏறத்தாழ மறைந்துவிட்டனர். அவரிடம் கேட்டவர் இன்னும் லயங்களில் இருக்கின்றனர். அவர் சொல்வதை எழுதி வைப்பது ஆசிரியர் ஒருவராலும் பத்து மாணவராலும் ஆகக்கூடிய பணி. துவக்கைச் செய்தவரின் சரித்திரம் செல்வாக்குள்ளோரால் எழுதப்பட்டு நிறைந்துவிட்டது. அதன் முன் அஞ்சாது நின்றவரின் சரித்திரத்தை எழுத வேண்டியவர் நாமே.